பேஸ் கிட்டார் செய்ய நினைக்கிறீர்களா? முதலில் ஸ்கேல் நீளத்தை முடிவு செய்யுங்கள்

சொந்தமாக ஒரு எலெக்ட்ரிக் பேஸ் கிட்டார் செய்ய ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் மரத்திலிருந்துதான் பேச்சைத் தொடங்குகிறார்கள். எந்த மரம், என்ன நிறம், பாடி எந்த வடிவம் என்றெல்லாம் கேட்பார்கள். பட்டறையில் உட்கார்ந்தால் மரம் நான்காவது, ஐந்தாவது கேள்வியாகப் பின்னுக்குப் போய்விடும். முதல் கேள்வி கம்பி எவ்வளவு நீளத்துக்கு அதிரப் போகிறது என்பதுதான். கிட்டாரின் நீண்ட கழுத்தான நெக்கின் தலைமாட்டில் கம்பிகள் உட்காரும் எலும்புத் துண்டு நட். பாடியின் மேல் கம்பி முடிகிற இடத்தில் இருப்பது பிரிட்ஜின் சேடில். இந்த இரண்டுக்கும் இடைப்பட்ட கணக்கு நீளமே ஸ்கேல் நீளம். ஃப்ரெட்டுகள் (நெக்கின் குறுக்கே பதிக்கும் உலோகப் பட்டைகள்) எங்கே வரும், நெக் எங்கே முடியும், பிரிட்ஜ் எங்கே அமரும், பாடி எவ்வளவு நீளம் வேண்டும், தோளில் மாட்டினால் கிட்டார் தலைசாயுமா, எல்லாமே இந்த ஒரு எண்ணிலிருந்து பிறக்கின்றன. ஆகவே இதை முடிவு செய்யாமல் மரம் வாங்கக் கூடாது.

34 அங்குலம் ஏன்?

லியோ ஃபெண்டர் 1951-இல் கலிஃபோர்னியாவின் ஃபுல்லர்டனில் வெளியிட்ட பிரிசிஷன் பேஸின் ஸ்கேல் நீளம் 34 அங்குலம், அதாவது 863.6 மி.மீ. இன்றுவரை நான்கு கம்பி பேஸுக்கு அதுவே பொது அளவு. கிப்ஸனின் பழைய ஈ.பி. வகைகள் 30.5 அங்குலம், ரிக்கன்பேக்கர் 4001 33.25 அங்குலம். கீழே ஒரு பி கம்பி சேர்த்த ஐந்து கம்பி பேஸ்களில் 35 அங்குலமும் பரவலாக உண்டு.

நீளம் மாறினால் கம்பியின் இழுவிசை மாறும். அதே கம்பி, அதே சுருதி என்றால் இழுவிசை நீளத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும், குறையும். 34 அங்குலத்தில் பூட்டிய கம்பியை 30 அங்குலத்தில் பூட்டினால் இழுவிசை ஏறத்தாழ 22 விழுக்காடு குறைகிறது. விரலுக்கு இதமாக இருக்கும், ஃப்ரெட்டுகளும் நெருங்கி வரும். ஆனால் மிகத் தடித்த இ கம்பி தொளதொளத்து ஃப்ரெட்டில் உரசும். அதைச் சரிக்கட்டத் தடித்த கம்பி போட வேண்டும், தடித்தால் மேல் ஓசைகள் மங்கும். 35 அங்குலத்துக்குப் போனால் இழுவிசை 6 விழுக்காடு கூடுகிறது. நொடிக்கு 30.9 அதிர்வு மட்டுமே கொண்ட பி கம்பிக்கு அது நல்லது. நான்கு கம்பி பேஸில் இ 41.2, ஏ 55, டி 73.4, ஜி 98 அதிர்வுகள். இவற்றுக்கு 34 போதும். கை சிறியவர்கள் 32 அங்குலத்தைத் தயங்காமல் எடுக்கலாம். முதல் முறை செய்கிறவர்களுக்கு எங்கள் பரிந்துரை 34 அங்குலம், நான்கு கம்பி, 20 ஃப்ரெட், திருகாணியால் பாடியில் பூட்டும் நெக். இந்த அளவுக்குக் கம்பி, ட்ரஸ் ராட் (நெக்கின் வளைவைச் சரிசெய்ய உள்ளே வைக்கும் உலோகத் தண்டு), பிக்கப் (கம்பியின் அதிர்வை மின்குறிப்பாக மாற்றும் காந்தச் சுருள்), பிரிட்ஜ் எல்லாம் தேடாமல் கிடைக்கும். நெக் பிசகினால் அதை மட்டும் திரும்பச் செய்துகொள்ளலாம். இனி வரும் கணக்குகள் அத்தனையும் இந்த அளவுக்கே.

ஃப்ரெட் இடங்கள்

ஒவ்வொரு ஃப்ரெட்டும் ஓர் அரைச்சுரம். பன்னிரண்டு அரைச்சுரம் ஏறினால் சுருதி இரட்டிப்பாகும், கம்பி நீளம் பாதியாகும். ஆகவே ஒரு ஃப்ரெட்டிலிருந்து அடுத்ததற்குப் போகும்போது, மீதமிருக்கும் கம்பி நீளத்தை 17.817-ஆல் வகுத்து வரும் தூரம் நகர வேண்டும். 863.6-ஐ 17.817-ஆல் வகுத்தால் 48.47 மி.மீ. நட்டிலிருந்து முதல் ஃப்ரெட் அங்கே வரும்.

நட்டிலிருந்து அளந்தால் முக்கியமான இடங்கள் இவை: 3-ஆம் ஃப்ரெட் 137.40, 5-ஆவது 216.63, 7-ஆவது 287.22, 9-ஆவது 350.10, 12-ஆவது 431.80, 15-ஆவது 500.50, 17-ஆவது 540.12, 20-ஆவது 591.58 மி.மீ.

எல்லாத் தூரத்தையும் நட்டிலிருந்தே அளந்து குறியுங்கள். ஒரு ஃப்ரெட்டிலிருந்து அடுத்த ஃப்ரெட்டுக்கு என்று அளந்துகொண்டே போனால் ஒவ்வொரு முறையும் 0.1 மி.மீ. பிசகினாலும் 20-ஆம் ஃப்ரெட்டில் 2 மி.மீ. பிழை சேர்ந்துவிடும். அந்த இடத்தில் 2 மி.மீ. என்பது ஏறத்தாழ 13 சென்ட் சுருதிப் பிழை. அரைச்சுரத்தை நூறாகப் பிரித்தால் ஒரு பங்கு ஒரு சென்ட். 13 சென்ட் காதுக்குத் தெரியும், பிரிட்ஜில் எதைத் திருகினாலும் சரியாகாது. ஒரே அளவுகோலை நகர்த்தாமல் ஒட்டி வைத்து, கூரான கத்தி முனையால் கோடு கீறினால் ஒவ்வோர் இடமும் 0.2 மி.மீ.க்குள் வந்துவிடும். பென்சில் கோடே அரை மி.மீ. தடிமன் இருக்கும், அதை நம்ப வேண்டாம். கணினியில் கோடுகளை அச்சிட்டு ஒட்டுவதாக இருந்தால், அச்சான தாளில் 431.80 சரியாக வருகிறதா என்று இரும்பு அளவுகோலால் பார்த்த பிறகே ஒட்டுங்கள். அச்சு இயந்திரங்கள் சத்தமில்லாமல் ஓரிரு விழுக்காடு சுருக்கிவிடுவதுண்டு.

முழு அளவு வரைபடம்

கிட்டாரை அதன் உண்மை அளவிலேயே காகிதத்தில் வரைய வேண்டும். ஒன்றேகால் மீட்டர் நீளத் தாள் போதும். முதலில் ஒரு மையக்கோடு. அதன் ஒரு முனையில் நட், 863.6 மி.மீ. தள்ளி சேடில் கோடு. இந்த இரண்டையும் போட்டபின் கம்பிகளை வரையுங்கள், நெக்கின் ஓரங்களை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். பலர் நெக்கை முதலில் வரைந்துவிட்டுக் கம்பிகளை அதற்குள் அடைக்கப் பார்க்கிறார்கள். ஓரக் கம்பி நெக்கிலிருந்து வழுக்கி விழும் கிட்டார்கள் அப்படித்தான் உருவாகின்றன.

நட்டின் அகலம் 40 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். 1960-இல் வந்த ஜாஸ் பேஸின் 38-க்கும் பிரிசிஷனின் 41, 42-க்கும் இடைப்பட்டது இது. இரு ஓரத்திலும் 3.5 மி.மீ. விட்டால் இ கம்பிக்கும் ஜி கம்பிக்கும் இடைவெளி 33 மி.மீ. பிரிட்ஜில் கம்பிக்குக் கம்பி 19 மி.மீ. வழக்கம், மூன்று இடைவெளிக்கு 57. 20-ஆம் ஃப்ரெட் மொத்த நீளத்தில் 68.5 விழுக்காட்டுத் தூரத்தில் இருப்பதால் அங்கே கம்பிகளின் விரிவு 33 + (24 × 0.685) = 49.4 மி.மீ. இரு புறமும் 5 மி.மீ. விட்டால் நெக்கின் அகலம் ஏறத்தாழ 59.5 மி.மீ. இப்படிக் கணக்கில் வந்த அகலத்தை வரைந்தால் கம்பி விழவே விழாது. பிரிட்ஜின் கம்பி இடைவெளி மாறினால் இந்த எண்ணும் மாறும். அதனால் பிரிட்ஜைக் கையில் வாங்கி வைத்துக்கொண்டு வரையுங்கள். பட்டியலில் போட்டிருக்கும் அளவுக்கும் கையில் வரும் பொருளுக்கும் ஒரு மி.மீ. வித்தியாசம் சாதாரணம்.

அடுத்தது பக்கவாட்டு வரைபடம். இதை விட்டுவிடுகிறவர்கள்தான் கடைசியில் மாட்டிக்கொள்கிறார்கள். நெக்கின் அடிப்பகுதி, ஃப்ரெட்டுகள் பதியும் மேல் பலகையான ஃப்ரெட்போர்டையும் சேர்த்து 25.5 மி.மீ. தடிமன், பாடியில் அது உட்காரும் குழி 16 மி.மீ. ஆழம் என்றால் ஃப்ரெட்போர்டின் மேற்பரப்பு பாடியிலிருந்து 9.5 மி.மீ. உயரத்தில் நிற்கும். ஃப்ரெட் உயரம் 1.1 சேர்த்தால் 10.6. பன்னிரண்டாம் ஃப்ரெட்டில் கம்பி 2 மி.மீ. உயரத்தில் இருக்க வேண்டுமானால் சேடிலில் அது ஃப்ரெட் மட்டத்தைவிட ஏறத்தாழ 3.5 மி.மீ. மேலே இருக்கும். கூட்டினால் 14.1. உங்கள் பிரிட்ஜின் சேடிலை முழுக்க இறக்கியும் முழுக்க ஏற்றியும் அளந்து பாருங்கள். 14 அந்த இரண்டுக்கும் நடுவில் விழ வேண்டும். விழாவிட்டால் குழியின் ஆழத்தைத் தாளிலேயே மாற்றிவிடுங்கள். மரத்தில் தோண்டிய பிறகு இது தெரியவந்தால் நெக்குக்கு அடியில் மரச்சீவல் வைத்து முட்டுக்கொடுக்க நேரும்.

பாடியின் வடிவம் உங்கள் விருப்பம், ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. தோள்வார் மாட்டும் மேல் கொம்பின் நுனி 12-ஆம் ஃப்ரெட்டுக்கு நேராகவோ அதை ஒட்டியோ வர வேண்டும். கொம்பு குட்டையானால் பிடிமானப் புள்ளி பிரிட்ஜ் பக்கம் நகரும், நெக் தரையை நோக்கிச் சாயும், வாசிப்பவரின் இடதுகை கிட்டாரைத் தூக்கிப் பிடிப்பதிலேயே களைத்துவிடும். கம்பியை முறுக்கிச் சுருதி சேர்க்கும் சாதாரணப் பெரிய ட்யூனர்கள் நான்கும் சேர்ந்து 400 கிராமைத் தாண்டும், அதுவும் நெம்புகோலின் கடைசி முனையில். குட்டைக் கொம்பு வேண்டுமென்றே வரைகிறவர்கள் எடை குறைந்த ட்யூனர்களைத் தேர்ந்தெடுக்க வேண்டும், அல்லது 1980 வாக்கில் நெட் ஸ்டைன்பெர்கர் கொண்டுவந்ததைப் போலத் தலையே இல்லாத வடிவத்துக்குப் போக வேண்டும்.

மரம்

பாடிக்கு ஆல்டர், ஆஷ், மகோகனி ஆகியவை மேலை நாட்டு வழக்கம். எலெக்ட்ரிக் பேஸின் ஒலியில் பாடி மரத்தின் பங்கைப் பற்றி ஓயாத வாதம் நடக்கிறது. எங்கள் கருத்தில் கம்பி, ஸ்கேல் நீளம், பிக்கப் இருக்கும் இடம், நெக்கின் விறைப்பு, இவற்றுக்குப் பிறகே பாடி மரம் கணக்கில் வரும். எடைதான் மரத்தில் நேரடியாக உணரக்கூடியது. 45 மி.மீ. தடிமனுள்ள பேஸ் பாடியின் கன அளவு ஏறத்தாழ 5 லிட்டர். ஆல்டராக இருந்தால் இரண்டேகால் கிலோ, தேக்காக இருந்தால் மூன்றேகால் கிலோ அளவில் வரும். நெக், ட்யூனர், பிரிட்ஜ் எல்லாம் சேர்ந்து மொத்தம் 4 கிலோவைச் சுற்றி நின்றால் இரண்டு மணி நேரக் கச்சேரியில் தோள் தாங்கும். தஞ்சாவூரில் வீணைக் குடம் குடையும் பலா மரம் பாடிக்குத் தாராளமாக ஆகும், நன்றாக முற்றிக் காய்ந்திருந்தால் போதும். தேக்கில் எண்ணெய்ப் பசை உண்டு. ஒட்டுவதற்குச் சற்று முன் அசிட்டோனால் துடைக்காவிட்டால் ஒட்டு விட்டுப்போகும்.

நெக் விஷயத்தில் சமரசம் கூடாது. நான்கு கம்பிகளும் சேர்ந்து 75 முதல் 80 கிலோ விசையோடு நெக்கை முன்பக்கம் வளைக்கின்றன, ஓய்வே கிடையாது. மேப்பிள் மரத்தை இதற்கு விரும்பக் காரணம் அதன் விறைப்பு. எந்த மரமானாலும் ரேகை ஒரு முனையிலிருந்து மறு முனை வரை நேராக ஓட வேண்டும். பக்கவாட்டில் பார்க்கும்போது ரேகைகள் சாய்ந்து வெளியேறினால் அந்தக் கட்டை வேண்டாம். அகலமான ஒற்றைப் பலகையைவிட, மூன்று பட்டைகளை ரேகை எதிரெதிராக வரும்படி ஒட்டிய நெக் முறுக்கிக்கொள்ளும் வாய்ப்பு குறைவு. ஃப்ரெட்போர்டுக்கு 6 மி.மீ. தடிமனில் ஈட்டி மரம் அருமையானது. மேற்குத் தொடர்ச்சி மலையில் விளையும் இந்த மரமே இந்திய ரோஸ்வுட் என்ற பெயரில் உலகெங்கும் கிட்டார் ஃப்ரெட்போர்டுகளில் இருக்கிறது. பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் உள்ள இனம் என்பதால் ரசீதோடு, முறையான கடையில் வாங்குங்கள்.

வாங்கிய மரத்தை அன்றே அறுக்கக் கூடாது. வேலை செய்யும் அறையிலேயே, காற்று புகும்படி இடையில் குச்சி வைத்து அடுக்கி, சில வாரங்கள் விட்டுவிடுங்கள். பிறகு நெக் கட்டையைக் கொஞ்சம் பெரிதாக அறுத்து மேலும் ஒரு வாரம் விடுங்கள். உள்ளே இருக்கும் இறுக்கம் அறுத்த பிறகே வெளிப்படும், கட்டை வளைய நினைத்தால் இப்போதே வளையட்டும். அதை இழைத்து நேராக்கி அடுத்த வேலைக்குப் போகலாம்.

நெக் செய்யும் வரிசை

நெக்கில் எதை முதலில் செய்கிறோம் என்பதே பாதி வெற்றி. கட்டையின் இரு ஓரமும் நேராகவும் இணையாகவும் இருக்கும்போதே ட்ரஸ் ராட் குழியைத் தோண்டிவிட வேண்டும். மரத்தைக் குடையும் மின்கருவியான ரவுட்டரின் பக்க வழிகாட்டி உரசி ஓட நேரான ஓரம் தேவை, ஓரங்களைச் சாய்வாக அறுத்த பிறகு அது கிடைக்காது. இரு திசையிலும் வேலை செய்யும் ட்ரஸ் ராட் வாங்குங்கள், முன் வளைவு பின் வளைவு இரண்டையும் அது சரிசெய்யும். வழக்கமான வகைக்கு 6 மி.மீ. அகலம், 9 அல்லது 10 மி.மீ. ஆழம் போதும். ராட் குழியில் ஆடாமல் அமர வேண்டும். ஆடினால் சில சுரங்களில் மட்டும் நெக்குக்குள்ளிருந்து கிணுகிணு என்று ஓர் ஒலி கேட்கும், ஃப்ரெட்போர்டைப் பிரிக்காமல் அதற்கு வழி இல்லை.

நெக்கின் பின்பக்கத்தைச் செதுக்கும்போது இந்தக் குழியை மறக்கக் கூடாது. முதல் ஃப்ரெட் அருகே மொத்தத் தடிமன் 21 மி.மீ. என்றால், ஃப்ரெட்போர்டின் 6 போக 15, குழியின் 10 போக மிச்சம் 5 மி.மீ. மரம். மெலிந்த நெக் வேண்டுமென்று 18 வரை செதுக்கினால் மிச்சம் இரண்டே மி.மீ. ராட்டை இறுக்கும் ஒரு நாளில் அந்த இடம் பிளக்கும். 12-ஆம் ஃப்ரெட் அருகே 24 மி.மீ. வைத்துக்கொள்ளலாம்.

ஃப்ரெட்போர்டும் சதுரமாக இருக்கும்போதே ஃப்ரெட் வெட்டுகளைப் போட்டுவிடுங்கள். வெட்டின் அகலம் 0.6 மி.மீ. வாக்கில், ஆழம் 2.5 மி.மீ. அளவில் இருக்க வேண்டும், வாங்கிய ஃப்ரெட் கம்பியின் அடிப்பல்லுக்கு ஏற்ப. தேவையற்ற ஈட்டிச் சீவல் ஒன்றில் ஒரு வெட்டுப் போட்டு, ஃப்ரெட்டைத் தட்டி இறக்கிப் பாருங்கள். கையால் இழுத்தால் வந்துவிடக் கூடாது. அகலம் கூடினால் ஃப்ரெட் ஓரங்களில் எழும்பும். ரொம்பக் குறுகினால் இருபது பற்களும் ஆப்புப்போல மரத்தை விரித்து நெக்கையே பின்பக்கம் வளைத்துவிடும். காரணம் தெரியாமல் பலரைத் திகைக்க வைக்கும் பிழை இது.

ஃப்ரெட்போர்டை ஒட்டும்போது பசையில் அது வழுக்கும். நட்டுக்கு அருகிலும் கடைசி ஃப்ரெட்டுக்கு அப்பாலும் இரண்டு சிறு ஆணிகளைத் தலை வெட்டி நட்டு, இடத்தை முன்கூட்டியே பூட்டிவிடுங்கள். ராட் குழியின் மேல் மெல்லிய ஒட்டுத்தாள் பட்டை போட்டுவிட்டு, பசை தடவியதும் அதை உரித்தால் ராட்டில் பசை ஏறாது. 24 மணி நேரம் கிளாம்பிலேயே இருக்கட்டும். பசையின் ஈரத்தால் நெக் கொஞ்சம் வளைந்திருக்கும், ஓரிரு நாளில் நேராகும். அதற்கு முன் மேற்பரப்பை உருட்டத் தொடங்க வேண்டாம்.

மேற்பரப்பின் குறுக்கு வளைவுக்கு 9.5 அல்லது 12 அங்குல ஆரம் வழக்கம். அந்த வளைவில் செய்த கட்டையில் உப்புத்தாள் ஒட்டி, நீளவாக்கில் தேய்க்க வேண்டும். ஃப்ரெட் கம்பியை இந்த வளைவைவிடச் சற்றுக் கூடுதலாக வளைத்துக்கொண்டு, முதலில் இரு ஓரங்களையும் தட்டி, பிறகு நடுவைத் தட்டினால் ஓரங்கள் கவ்விக்கொள்ளும்.

பாடியும் குழியும்

6 அல்லது 9 மி.மீ. எம்.டி.எஃப். (மரநாரை அழுத்திச் செய்த) பலகையில் வார்ப்பு, அதாவது மாதிரி வடிவம், வெட்டி, தாங்கி உருளையுள்ள ரவுட்டர் பிட்டால் அதை ஒட்டி வெட்டுவதே பாதுகாப்பான வழி. ஒரு தடவைக்கு 4 மி.மீ.க்கு மேல் இறக்க வேண்டாம். கொம்புகளின் வளைவில் ரேகையின் வெட்டுமுகம் வரும் இடங்களில் பிட் மரத்தைக் கடித்துப் பிடுங்கும். அதனால் ரம்பத்தால் கோட்டுக்கு 2 மி.மீ. அருகே வரை வெட்டிவிட்டு, ரவுட்டருக்குக் கொஞ்சமே மிச்சம் வைக்க வேண்டும். ஈட்டித் தூளும் எம்.டி.எஃப். தூளும் நுரையீரலுக்கு ஆகாதவை, என்-95 முகக்கவசம் இல்லாமல் இந்த வேலைக்கு உட்காரக் கூடாது.

நெக் குழியின் வார்ப்பைக் கையில் இருக்கும் நெக்கைச் சுற்றியே செய்யுங்கள். அதன் இரு பக்கமும் நேரான சட்டங்களை ஒட்டி வைத்தால் வார்ப்பு தயார். வரைபடத்து 59.5, செய்த நெக்கில் 59.1 ஆகியிருக்கலாம். குழி அதற்குத்தான் பொருந்த வேண்டும். நெக்கைச் செருகிப் பாடியைத் தூக்கினால் திருகாணி இல்லாமலே நெக் பிடித்து நிற்க வேண்டும், அதுதான் அளவு. ஆனால் வார்னிஷ் ஏறினால் குழி இன்னும் குறுகும், அடித்துத் திணித்தால் ஓரத்தில் விரிசல் விடும்.

பிரிட்ஜுக்குத் துளை போடும் முன் ஒரு சோதனை. நெக்கைக் குழியில் இறுக்கி, நட்டின் இ இடத்திலிருந்தும் ஜி இடத்திலிருந்தும் இரண்டு தையல் நூலைப் பிரிட்ஜின் ஓரச் சேடில்கள் வரை இழுத்துக் கட்டுங்கள். பிரிட்ஜை ஒட்டுத்தாளால் தற்காலிகமாக நிறுத்தி, இடமும் வலமும் நகர்த்துங்கள். 20-ஆம் ஃப்ரெட்டில் நூலுக்கும் நெக்கின் ஓரத்துக்கும் இடைவெளி இரு பக்கமும் ஒன்றாக வரும் இடமே பிரிட்ஜின் இடம். குழி ஒரு இம்மி கோணலாக வெட்டப்பட்டிருந்தால்கூட இந்த நூல் காட்டிக்கொடுக்கும், அதற்கேற்பப் பிரிட்ஜை நகர்த்தினால் கோணல் மறைந்துவிடும். வரைபடத்தின் மையக்கோட்டை நம்பி முன்கூட்டியே துளை போட்டவர்களுக்கு இந்த வாய்ப்பு இல்லை. முன்பின் இடத்துக்கு, ஜி கம்பியின் சேடிலை ஏறக்குறைய முழுக்க முன்னே தள்ளி, அதை நட்டிலிருந்து 863.6 மி.மீ.-இல் நிறுத்துங்கள். தடித்த கம்பிகள் விறைப்பு மிகுந்தவை, அழுத்தும்போது சுருதி ஏறும். அதை ஈடுகட்ட அவற்றின் நீளம் கொஞ்சம் கூடவேண்டும். ஜி கம்பிக்கு 2 மி.மீ. அளவிலும் இ கம்பிக்கு 5, 6 மி.மீ. வரையிலும் சேடில் பின்னே போகும். அதற்கு இடம் மிச்சமிருக்க வேண்டும்.

நெக்கைப் பூட்ட 45 மி.மீ. நீளத் திருகாணி நான்கு. திருகாணித் தலைகளுக்கு அடியில் வைக்கும் தகட்டுக்கு 2, பாடியில் மிச்சமுள்ள மரத்துக்கு 29 போனால் நெக்குக்குள் 14 மி.மீ. ஏறும். பாடியை 38 மி.மீ.-க்கு மெலிதாக்கினால் அதே திருகாணி 21 மி.மீ. ஏறி, ஃப்ரெட்போர்டின் மேற்பரப்புக்கு 4.5 மி.மீ. கீழே வந்து நிற்கும், ஃப்ரெட் வெட்டின் அடிக்கும் அதற்கும் இரண்டே மி.மீ. இடைவெளி. பாடியில் போடும் துளை திருகாணி தடையின்றி நுழையும்படி அகலமாக இருக்க வேண்டும், மரை நெக்கில் மட்டுமே கடிக்க வேண்டும். இரண்டிலும் கடித்தால் எவ்வளவு திருகினாலும் நடுவில் ஓர் இடைவெளி மூடாமலே நிற்கும்.

பிக்கப்

கம்பியின் அதிர்வு பிரிட்ஜ் அருகே குறுகலாகவும் நடுவை நோக்கி அகலமாகவும் இருக்கும். அதனால் பிக்கப் பிரிட்ஜை நெருங்க நெருங்க ஒலி கூர்மையாகவும் மெலிந்தும், நெக்கை நெருங்கினால் கனமாகவும் உருண்டும் வரும். 24-ஆம் ஃப்ரெட் வரவேண்டிய இடத்தில் வைத்தால் தனி இனிமை என்று ஒரு நம்பிக்கை உலவுகிறது. அந்த இடம் திறந்த கம்பியின் கால் பங்கு, அங்கே நான்காவது இசைவதிர்வு கேட்காது என்பது மட்டுமே உண்மை. ஏதாவது ஒரு ஃப்ரெட்டை அழுத்தியதும் கம்பியின் நீளம் மாறி, அந்தக் கணக்கும் மாறிவிடுகிறது. பிடித்த பேஸ் ஒன்றின் பிக்கப் பிரிட்ஜிலிருந்து எத்தனை மி.மீ. தள்ளி இருக்கிறது என்று அளந்து அதையே பின்பற்றுவது உறுதியான வழி.

1957-இல் பிரிசிஷனுக்கு வந்த இரட்டைத் துண்டுப் பிக்கப், முதல் பேஸுக்கு மிக ஏற்றது. இரு துண்டுகளின் காந்தமும் சுற்றும் எதிரெதிர் என்பதால் மின் இரைச்சல் தானாகவே அடங்கும். இணைப்பும் எளிது. 250 கிலோ ஓம் பாட் (குமிழால் திருகும் மின்தடை) இரண்டு, 0.047 மைக்ரோஃபாரட் கப்பாசிட்டர் ஒன்று, ஒயர் செருகும் ஜாக் ஒன்று. பிக்கப்பின் சூடான கம்பி (சிக்னல் வரும் ஒயர்) வால்யூம் பாட்டின் ஓரக் காலுக்கு, நடுக்கால் ஜாக்கின் நுனிக்கு, மறு ஓரக்கால் தரைக்கு. டோன் பாட்டும் கப்பாசிட்டரும் பிக்கப் வந்த காலிலிருந்து தரைக்கு. பிரிட்ஜின் அடியில் ஒரு தரைக் கம்பியைக் கட்டாயம் கொண்டுபோக வேண்டும், அதற்கான நீளத் துளையை வார்னிஷுக்கு முன்பே போட்டுவிடுங்கள். வாசிக்கும் கம்பியைத் தொட்டால் இரைச்சல் குறைந்தால் தரை இணைப்பு சரி. தொட்டால் கூடினால் ஜாக்கில் இரு ஒயர்களும் இடம் மாறியிருக்கின்றன.

மேற்பூச்சு

நைட்ரோ லாக்கர் அடிப்பதானால் மழைக்காலத்தில் வேண்டாம். கரைப்பான் ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, காற்றின் ஈரம் அதில் படிந்து, பூச்சு வெள்ளையாகப் பூத்துவிடும். துணியால் தேய்த்துப் பூசும் எண்ணெய் அல்லது பாலியூரிதேன் புதியவர்களுக்குப் போதும். நெக்கின் பின்பக்கத்தில் மெல்லிய பூச்சே கைக்கு வழுக்கலாக இருக்கும்.

சுருதி சேர்த்துச் செப்பனிடுதல்

இதில் வரிசை மாறக் கூடாது. கம்பிகளைப் பூட்டி முழுச் சுருதிக்கு ஏற்றி ஒரு நாள் விடுங்கள். பிறகு முதல் ஃப்ரெட்டையும் கடைசி ஃப்ரெட்டையும் ஒருசேர அழுத்தி, 7, 8-ஆம் ஃப்ரெட் அருகே கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் உள்ள இடைவெளியைப் பாருங்கள். 0.3 மி.மீ. வேண்டும். கூடுதலாக இருந்தால் ராட்டை இறுக்குங்கள், ஒரு தடவைக்குக் கால் சுற்று, அதற்கு மேல் போக வேண்டாம். அடுத்து நட்டின் வெட்டுகள், அப்புறம் சேடில் உயரம். 12-ஆம் ஃப்ரெட்டில் இ கம்பி 2.5 மி.மீ., ஜி கம்பி 2 மி.மீ. நல்ல தொடக்கம். ஏதாவது ஓர் இடத்தில் மட்டும் கம்பி இரைந்தால் மூன்று ஃப்ரெட்டை மட்டும் தொடும் குட்டையான நேர்ச்சட்டத்தை வைத்துப் பாருங்கள். சட்டம் ஆடினால் நடு ஃப்ரெட் உயர்ந்திருக்கிறது. சரியாக அமராத ஃப்ரெட்டாக இருந்தால் தட்டி இறக்குங்கள், அமர்ந்திருந்தால் மட்டும் அரத்தால் தேயுங்கள்.

இதெல்லாம் முடிந்த பிறகே ஒவ்வொரு கம்பியையும் 12-ஆம் ஃப்ரெட்டில் அழுத்தி, சுருதி காட்டும் மின்னணுக் கருவியில் பார்க்க வேண்டும். ஏறியிருந்தால் சேடிலைப் பின்னே, இறங்கியிருந்தால் முன்னே. ஒவ்வொரு முறை நகர்த்திய பின்னும் திறந்த கம்பியைத் திரும்பச் சுருதி சேர்த்துக்கொண்டு பாருங்கள். கடைசியாகப் பிக்கப் உயரம். கடைசி ஃப்ரெட்டை அழுத்திய நிலையில் கம்பிக்கும் பிக்கப்புக்கும் 3 மி.மீ. இருக்கட்டும். மிக நெருங்கினால் காந்தமே கம்பியை இழுத்து, தடித்த கம்பியில் சுருதி அலையும். இரண்டு, மூன்று வாரம் கழித்து ராட்டை மட்டும் மறுபடி பார்க்க வேண்டியிருக்கும். புதிய நெக் கம்பியின் இழுவைக்குப் பழகும்போது இன்னும் கொஞ்சம் முன்னே வளையும், கால் சுற்றில் அது சரியாகிவிடும்.